வரி தொடக்கத்தில் இரண்டு எழுத்தை மட்டும் நீக்குவது எப்படி?

நண்பர்களே, ஒரு சொற்பட்டியல் கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு வரியும் சொல்வகையைக் காட்டும் இரண்டு எழுத்தோடு தொடங்கும்: பெயமரம், வினைஓடு, இடைபோல. நடுவில் இடைவெளியோ காற்புள்ளியோ கிடையாது (யார் இப்படிச் சேமித்தார்களோ!). எனக்குச் சொல் மட்டும் வேண்டும்.

உபுண்டு 22.04 லினக்ஸில், வரியின் ஒரு பகுதியை வெட்டியெடுக்கும் ‘கட்’ (cut) கட்டளையை மூன்றாம் எழுத்திலிருந்து எடுக்கச் சொன்னால், வரி தொடக்கத்தில் கேள்விக்குறிக் கட்டம்தான் வருகிறது. அது பைட்டைத்தான் எண்ணுகிறது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் ஒரு தமிழ்க் குறிக்கே (‘பெ’ என்றால் ‘ப’ ஒரு குறி, ஒற்றைக்கொம்பு ஒரு குறி) 3 பைட்.

சரி என்று, உரையைத் திருத்தும் ‘செட்’ (sed) கட்டளைக்குப் போனேன். அது குறிகளைச் சரியாக எண்ணுகிறது, ஆனால் உயிர்மெய்யை ஒரே எழுத்தாகப் பார்ப்பதில்லை. அதில் ஒரு புள்ளி (.) என்றால் ஏதோ ஒரு குறி; நீக்க மூன்று புள்ளி போட்டால் ‘பெயமரம்’ அழகாக ‘மரம்’ ஆகிறது. ‘வினைஓடு’ வரியிலோ ஐகாரக் குறி தனியாகத் தொங்குகிறது. நான்கு போட்டால் ‘மரம்’ வெறும் ‘ரம்’.

முன்னொட்டுகளை வரிசையாக எழுதி நீக்கலாம்தான். ஆனால் அடுத்த கோப்புகளில் வேறு வேறு முன்னொட்டுகள். பேர்ல் (Perl) நிரல்மொழியில் முழு எழுத்தைப் பிடிக்கும் குறியீடு உண்டு, அது கடைசி வழியாக இருக்கட்டும். ‘செட்’ அல்லது அதுபோன்ற ‘ஆக்’ (awk) கட்டளையிலேயே, ஓர் எழுத்தும் அதன் துணைக்குறியும் சேர்ந்து ஒன்று என்று சொல்லும் ரெகெக்ஸ் (regex, தேடல் வடிவம்) யாரிடமாவது இருக்கிறதா?