பெயர் பெற்றவர்கள் தோற்பது முறையாலா, மனிதராலா?

உவர்மலைவாசி: 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் தமிழரசுக் கட்சியின் சுமந்திரன் யாழ்ப்பாணத்தில் தோற்றதை, மக்கள் பாடம் புகட்டிவிட்டார்கள் என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நமது திருகோணமலை மாவட்டத்தின் பழைய கணக்கைப் பார்த்தவர்கள் அப்படி முடிக்கமாட்டார்கள். 1977இல் தொகுதிவாரித் தேர்தலில் திருகோணமலையை வென்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் சம்பந்தன், வாக்கு விகிதப்படி கட்சிகளுக்கு ஆசனம் பகிரும் விகிதாசார முறையின் கீழ் 1994இல் தோற்றார். கூட்டணிக்குக் கிடைத்த ஒரே ஆசனம், பட்டியலில் உள்ள வேட்பாளருக்கு அளிக்கும் விருப்பு வாக்கைக் கூடுதலாகப் பெற்ற தங்கத்துரைக்குச் சென்றது. 1997இல் தங்கத்துரை கொல்லப்பட்ட பின்னரே அந்த வெற்றிடத்துக்குச் சம்பந்தன் வந்தார். 2000இலோ கூட்டணிக்கு இங்கு ஓர் ஆசனமும் இல்லை. இதில் பாடம் புகட்டல் எங்கே இருக்கிறது?

சம்பூர்க்காரன்: ஐயா, தேர்தல் முறையின் மீது பழியைப் போட்டுத் தலைவர்களைக் காப்பாற்றுவது நமக்குப் பழகிப்போன வேலை. 1956 முதல் வட்டுக்கோட்டையின் உறுப்பினராக இருந்த தமிழரசுக் கட்சியின் அமிர்தலிங்கம், 1970இல் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளர் தியாகராஜாவிடம் தோற்றபோது விருப்பு வாக்கும் இல்லை, போனஸ் ஆசனமும் இல்லை. கட்சியின் கோட்டை என்று சொல்லப்படும் இடத்தில், தமக்கான வாக்கு எப்படியும் வந்துசேரும் என்ற நினைப்பில் வேட்பாளர் அயல் தொகுதிகளுக்குப் பேசப் போய்விடுகிறார். வீடு வீடாகப் படியேறுபவர் எதிராளிதான்.

நிலாவெளியான்: வாக்கெண்ணும் நிலையத்தில் கட்சி முகவராக இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். வாக்குச்சீட்டின் மேற்பகுதியில் சின்னங்களும் கீழே வேட்பாளர்களின் இலக்கங்களும் இருக்கும். சின்னத்துக்கு நேரே புள்ளடி இட்டுவிட்டு, இலக்கங்களைத் தொடாமலே மடித்துப் போட்ட சீட்டுகள் கட்டுக்கட்டாக வரும். அவை கட்சிக்குச் செல்லும். வேட்பாளர் எவருக்கும் உதவாது. மூன்று விருப்புகள் அளிக்கலாம் என்றாலும், "அவர் எப்படியும் வருவார், மற்றவருக்குப் போடுவோம்" என்று நினைத்துப் பெரியவரின் இலக்கத்தை விட்டுவிடுபவர்களும் உண்டு. வெல்வார் என்ற நம்பிக்கையே அவருக்குக் குழி பறித்துவிடுகிறது.

உவர்மலைவாசி: சம்பூர்க்காரன் சொல்வதுபோல அலட்சியம்தான் காரணமென்றால், 2000 ஒக்டோபரில் தோற்ற அதே சம்பந்தன் 2001 டிசம்பரில் அதே மாவட்டத்தில் எப்படி வென்றார்? பதினான்கு மாதங்களுக்குள் அவர் புதிதாக வீடு வீடாக நடந்துவிடவில்லை. நான்கு தமிழ்க் கட்சிகள் ஒரே பட்டியலில் சேர்ந்தன, அவ்வளவுதான். நமக்கு நான்கு ஆசனங்கள். முதலிடம் பெறும் கட்சிக்கு ஒன்று போனஸாகப் போக, எஞ்சிய மூன்றுதான் விகிதப்படி பகிரப்படுகின்றன. மூதூர், சேருவில, திருகோணமலை என மூவினமும் கலந்து வாழும் மாவட்டத்தில், தமிழ் வாக்குகள் இரண்டு மூன்று பட்டியல்களுக்குச் சிதறினால், எத்தனை பெரிய பெயரானாலும் அந்த மூன்றில் ஒன்றைப் பிடிப்பது கடினம். 2024இலும் தமிழரசுக் கட்சியும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் வீட்டுச் சின்னத்தில் சேர்ந்து நின்றே இங்கு ஓர் ஆசனத்தைப் பெற்றன.

சம்பூர்க்காரன்: திருகோணமலைக்கு அந்தக் கணக்குப் பொருந்தும் என்பதை ஏற்கிறேன். யாழ்ப்பாணத்துக்கு அதை நீட்டாதீர்கள். 2020இல் அங்கு மூன்று ஆசனங்கள் பெற்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பில் இருந்த தமிழரசுக் கட்சிக்கு 2024இல் ஒன்றே மிஞ்சியது. அநுரகுமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி மூன்றை எடுத்தது. தமிழரசுக் கட்சியின் அந்த ஒன்றும் சிறீதரனுக்குப் போனது. அதே ஆண்டு ஜனவரியில் நமது ஊரிலேயே நடந்த கட்சித் தலைவர் தெரிவில் சிறீதரன் சுமந்திரனைத் தோற்கடித்திருந்தார் என்பதை மறந்துவிட்டீர்களா? கட்சிக்குள்ளேயே பெரும்பான்மை தம் பக்கம் இல்லை என்று பத்து மாதங்களுக்கு முன்பே தெரிந்த ஒருவரின் தோல்வியை எந்த விகிதாசாரக் கணக்கும் விளக்காது.

நிலாவெளியான்: ஆசனங்கள் மூன்றாகவே இருந்திருந்தால், அந்த ஜனவரித் தோல்வியோடும் சுமந்திரன் பாராளுமன்றம் போயிருக்கக்கூடும். மூன்று ஒன்றாகச் சுருங்கியதற்கு அவர் ஒருவரா பொறுப்பு? சம்பூர்க்காரன் முதலில் அதற்குப் பதில் சொல்லட்டும்.