இமை ஆபரேஷன்: 20 மி.மீ. விட்டுட்டு மிச்சத்தை வெட்டிடலாமா?

வைகைக்கரை:
“மேல் இமை தொங்குது, ஆபரேஷன் பண்ணிக்கலாமா?”ன்னு ஒருத்தங்க கேட்டதுக்கு பொன்னேரி பாபு எழுதின பதிலைப் படிச்சதும் பத்திக்கிட்டு வந்தது. “கண்ணை மூடுங்க. புருவத்தோட கீழ் விளிம்புல இருந்து இமைமுடி வரைக்கும் ஸ்கேல் வச்சு அளங்க. 20 மி.மீ. போக மிச்சம் எல்லாம் வேண்டாத தோல், தாராளமா எடுத்துடலாம்.” இதுக்குக் கீழ வரிசையா நன்றி வேற. எந்த விளிம்பு பாபு? பார்லர்ல த்ரெட்டிங் பண்ணி மேல ஏத்தி வச்ச விளிம்பா? புருவத் தோல் தடிமன், இமைத் தோல் உடம்புலயே மெல்லிசு. ரெண்டும் சேர்ற கோட்டுல இருந்துதான் அளக்கணும். முடி எங்க முடியுதுங்கிறது கணக்கே இல்ல.

பொன்னேரி பாபு:
20 மி.மீ. நான் கனவுல கண்டது இல்ல சார். இமைமுடியில இருந்து இமை மடிப்பு வரைக்கும் 8, 10, கீழ் வெட்டு அங்கதான். மேல் வெட்டுல இருந்து புருவம் வரைக்கும் 10, 12. கூட்டிப் பாருங்க, 20 வரும். இமை அறுவை சொல்லித் தர்ற எல்லா இடத்துலயும் இதைத்தான் சொல்றாங்க. 20 விட்டா கண்ணு மூடும். அவ்வளவுதான்.

வைகைக்கரை:
கூட்டத் தெரிஞ்சா போதாது, எங்க இருந்து கூட்டணும்னு தெரியணும். ஒரு அம்மாவுக்கு உண்மையான இமைத் தோல் 24 மி.மீ.னு வைங்க. த்ரெட்டிங்ல புருவத்தோட கீழ்ப் பக்கம் 4 மி.மீ. முடி போயிடுச்சு. உங்க ஸ்கேல் 28 காட்டும். 8 எடுக்கலாம்னு சொல்வீங்க. எடுத்தப்புறம் மிச்சம் 20 இல்ல, 16. ராத்திரி தூங்கும்போது கண்ணு முழுசா மூடாது, கீழ ஒரு கீற்று வெள்ளை தெரியும். காலையில கண்ணு எரியும், கருவிழி காஞ்சு புண்ணாகும். போதாததுக்கு தடிமனான தோலை மெல்லிசான தோலோட தைச்ச தழும்பு மடிப்புக்கு வெளிய பளிச்சுனு நிக்கும். எடுத்த தோலைத் திருப்பி வைக்க காதுக்குப் பின்னால இருந்து ஒட்டுத்தோல் எடுக்கணும். அது நிறத்துலயும் சேராது, தடிமன்லயும் சேராது.

கண்ணாடிக்கடை:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். கேட்டவங்களுக்குத் தொங்குறது தோலா, இல்ல இமையே இறங்கியிருக்கா? டார்ச் வெளிச்சம் கருவிழி நடுவுல விழும் புள்ளியில இருந்து மேல் இமை விளிம்பு வரைக்கும் 4 மி.மீ. சுமார் இருக்கணும். 2-க்குக் கீழ போனா இமையைத் தூக்குற தசைதான் தளர்ந்திருக்கு. தோலை எவ்வளவு வெட்டினாலும் கண்ணு தூங்கிவழியும். முதல்ல அதைச் சொல்லிட்டு 20-க்கு வாங்க.

பொன்னேரி பாபு:
கண்ணாடி விக்கிறவங்க ஃப்ரேம் அளவு பாருங்க அண்ணே, போதும். த்ரெட்டிங் பஞ்சாயத்து பொம்பளைங்களுக்கு. ஆம்பளைக்கு? 20 சரிதானே?

வைகைக்கரை:
ஆம்பளைக்கு இன்னும் மோசம். ஆம்பளைக்குப் புருவம் எலும்பு விளிம்புலயே உட்கார்ந்திருக்கும், வயசாக ஆக அதுக்கும் கீழ சரியும். பார்வை மறைக்குதேன்னு நெத்தித் தசை நாள் முழுக்கத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். நெத்தியில குறுக்குக் கோடு ஆழமா இருக்கிறவங்களைப் பாருங்க. தோலைக் குறைச்சதும் அந்தத் தசை ஓய்வு எடுத்துக்கும், புருவம் இறங்கும், தொங்கல் திரும்ப வரும். அப்புறம் புருவத்தைத் தூக்கப் போனா கண்ணு மூடத் தோல் இருக்காது. அதனாலதான் புருவத்துல குறை இருந்தா முதல்ல புருவம், அப்புறம் இமை. வீட்டுல பார்க்கணும்னா ஸ்கேல் வேண்டாம். கண்ணை மூடி நெத்தியைத் தளர விடுங்க. புருவத்தை விரலால எலும்பு விளிம்புக்கு மேல தாங்கிப் பிடிச்சு மெதுவா கண்ணைத் திறங்க. தொங்கல் காணாம போனா குறை புருவத்துல.

ஓ.டி. சிஸ்டர்:
வைகைக்கரை சார் சொல்றது சரி. ஆனா ஆபரேஷன் தியேட்டர்ல யாரும் ஸ்கேலை மட்டும் நம்பி வெட்டுறது இல்ல. உட்கார வச்சுத்தான் கோடு போடுவாங்க, படுத்தா புருவம் மேல ஏறிடும். மரப்பு ஊசிக்கு முன்னாடி போடணும், ஊசி போட்டா தோல் உப்பி அளவு மாறும். ஃபோர்செப்ஸ் இடுக்கியால தோலைக் கிள்ளிப் பிடிப்பாங்க. இமைமுடி லேசா மேல பார்க்கத் தொடங்குற அளவுதான் எடுக்கலாம். கண்ணு திறந்துக்கிட்டா கிள்ளினது அதிகம்.

பொன்னேரி பாபு:
சிஸ்டரே சொல்லிட்டாங்க, கிள்ளிப் பார்ப்பாங்கன்னு. அப்ப த்ரெட்டிங்னால என்ன கெட்டுப்போச்சு? 20 விடணும்கிறது விடணும்கிறதுதான்.

ஓ.டி. சிஸ்டர்:
நான் அப்படிச் சொல்லலை. என் பேரை உங்க கட்சியில சேர்க்காதீங்க.

மலைக்கோட்டை:
கேள்வி கேட்டது என் அக்காதான். அவங்களுக்குக் கீழ் இமையில கருவளையமும் இருக்கு. அதுவும் சேர்த்துப் போயிடுமா? இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கண்ணாடிக்கடை:
கீழ்த் தோலை லேசா இழுத்துப் பாருங்க தம்பி. கருப்பு தோலோடயே நகர்ந்தா அது நிறமி, கத்தியால போகாது. நம்ம ஊர்ல பெரும்பாலும் இதுதான். முகத்தை நிமிர்த்தி வெளிச்சத்துக்குக் காட்டினா மறையுதா? அது கொழுப்புப் பை விழுத்துற நிழல், அதுக்கு ஆபரேஷன்ல வழி உண்டு. இன்னொண்ணு, கண்ணீர் அளவு பார்க்காம யாரும் ஆபரேஷனுக்குக் கையெழுத்து போடக் கூடாது. கீழ் இமையில தாள் பட்டை மாட்டி 5 நிமிஷம் வைப்பாங்க, 10 மி.மீ.க்குக் கீழ நனைஞ்சா யோசிக்கணும். கண்ணாடியைக் கழட்ட லேசர்ல லேசிக் பண்ணினவங்க ஆறு மாசமாவது பொறுக்கணும்.

பொன்னேரி பாபு:
லேசிக் விவாதத்துலயும் இதே தாள் பட்டையைத் தூக்கிக்கிட்டு வந்தீங்க. தலைப்பு 20 மி.மீ.

வைகைக்கரை:
இன்சூரன்ஸ் கேட்டதுக்கு: அழகுக்குன்னா கிடையாது. பாலிசியில எதுக்கெல்லாம் பணம் கிடையாதுங்கிற விலக்குப் பட்டியல்ல எட்டாவது குறியீட்டுல தெளிவா போட்டிருக்கு. விபத்து, தீக்காயம், புற்றுநோய், உடல்நலத்துக்கு உடனடி ஆபத்துன்னு டாக்டர் எழுதிக் கொடுத்தாத்தான் பேச்சே. பார்வை மறைக்குதுன்னு வாதாடணும்னா நேரா பார்க்கும்போது சுத்தி எவ்வளவு தெரியுதுன்னு அளக்கிற பார்வைப் புலச் சோதனையை ரெண்டு தடவை எடுக்கணும், ஒண்ணு அப்படியே, இன்னொண்ணு இமையை டேப் போட்டுத் தூக்கி ஒட்டி. வித்தியாசம் அறிக்கையில இருக்கணும். அப்பவும் தருவாங்கன்னு உறுதி இல்ல.

மலைக்கோட்டை:
அரை மணி நேர வேலை, பயமே இல்லைங்கறாங்களே?

ஓ.டி. சிஸ்டர்:
நேரத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க. ரத்தம் இளக்குற மாத்திரை, ஆஸ்பிரின், மீன் எண்ணெய் கேப்ஸ்யூல், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை எல்லாத்தையும் முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லணும். இதயத்துக்கான மாத்திரையை நீங்களா நிறுத்தவே கூடாது, இதய டாக்டர்கிட்ட கேட்டுத்தான். முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி ஒரு கண்ணு மட்டும் கடுமையா வலிச்சு, முன்னால பிதுங்கி, பார்வை மங்கினா வலி மாத்திரை போட்டுத் தூங்காதீங்க. கண்ணுக்குப் பின்னால ரத்தம் கட்டி பார்வை நரம்பை அழுத்துது. கண்ணோட வெளி மூலையை டாக்டர் அப்பவே வெட்டி அழுத்தத்தை இறக்கணும், ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல தாமதமானா பார்வை திரும்பாம போகலாம். அபூர்வம்தான். ஆனா ராத்திரி போன் எடுக்காத இடத்துல பண்ணிக்காதீங்க.

பொன்னேரி பாபு:
இது எந்த ஆபரேஷனுக்கும் சொல்லலாம். கண் டாக்டருங்க கும்பலா சேர்ந்து பிளாஸ்டிக் சர்ஜன்களை மட்டம் தட்டத்தான் இந்தப் பயமுறுத்தல்.

வைகைக்கரை:
இங்க யாரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பத்திப் பேசினது? ரெண்டு பக்கமும் கைதேர்ந்தவங்க இருக்காங்க, அவங்க ரெண்டு பேருமே புருவத்தை முதல்ல பார்ப்பாங்க. உங்க பதிலைத் திருத்துங்க.

பொன்னேரி பாபு:
ஒரு எழுத்தைக் கூட மாத்த மாட்டேன். 20 மி.மீ.னா 20 மி.மீ.

வைகைக்கரை:
மாத்த வேண்டாம், கீழ ஒரு வரி சேருங்க: த்ரெட்டிங் பண்ணினவங்களும் புருவத்துல டாட்டூ போட்டவங்களும் அளக்கப் போறதுக்கு முன்னாடி அதை டாக்டர்கிட்ட சொல்லணும், முடிஞ்சா முடியை வளர விட்டுட்டுப் போகணும்.

பொன்னேரி பாபு:
சேர்க்கவும் மாட்டேன். உங்களுக்குத் தனிப் பதிவு எழுதத் தெரியாதா?

கண்ணாடிக்கடை:
அக்காவுக்கு டார்ச் அடிச்சுப் பார்த்தாச்சா தம்பி? எத்தனை மி.மீ.?