பாட்டிலுக்குள் மூழ்கும் ஃபில்லர்: ஒரு சந்தேகம், உதவுங்கள்

வணக்கம். குடியாத்தம் பக்கம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இங்க் ஃபில்லரில் கொஞ்சம் தண்ணீர் ஏற்றி, நீர் நிரம்பிய பிளாஸ்டிக் பாட்டிலில் மிதக்கவிட்டு மூடினோம். பாட்டிலை அமுக்கினால் ஃபில்லர் மூழ்கும், விட்டால் மேலே வரும். அமுக்கும்போது ஃபில்லருக்குள் இருக்கும் காற்று சுருங்கி, அந்த இடத்தில் தண்ணீர் ஏறுகிறது. மிதப்பு விசை குறைகிறது. 1662இல் ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி வெளியிட்ட, அழுத்தம் கூடினால் வாயுவின் கன அளவு குறையும் என்ற விதிதான். பிள்ளைகள் இதை அழகாகச் சொல்கிறார்கள்.

அப்புறம் ஒரு மாணவி கேட்டாள்: “வெயிலில் வைத்தால் அமுக்காமலே மூழ்குமா மிஸ்?” அருமையான கேள்வி, அதுவும் வேலூர் வெயிலில்! சூட்டில் காற்று விரியப் பார்க்கும். ஆனால் மூடிய பாட்டிலில் தண்ணீரும் விரியும், அழுத்தமும் ஏறும். செய்து பார்த்த ஆசிரியர்கள் யாராவது இருந்தால், மூடிக்குக் கீழே எவ்வளவு காற்று விட்டீர்கள், என்ன நடந்தது என்று சொல்லுங்கள். கண்ணாடி ஃபில்லர் வேலூரில் எந்தப் பக்கம் கிடைக்கும் என்பதும் தெரிய வேண்டும்.