என் அறுக்குளா டின்மீன் டின் மாதிரி வருகிறது. வெக்டரில் மீன் கீறத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

தூரிகைத்தம்பி:

அண்ணாமார், அக்காமார், ஒரு மீனோடு மூன்று கிழமையாக மல்லுக்கட்டுகிறேன்.

மாமா திருகோணமலை டவுனில் மீன்கடை வைத்திருக்கிறார். 6 அடிக்கு 3 அடியில் புது போர்ட், அதில் ஒரு அறுக்குளா (வஞ்சிரம்) மீன். "பார்க்கிறவன் அரைக் கிலோ வெட்டச் சொல்ல வேண்டும்" என்பது ஓர்டர். அப்பா இருந்திருந்தால் எனாமலும் இரண்டு தூரிகையுமாக ஒரு பகலில் முடித்திருப்பார். எனக்கு அந்தக் கை வரவில்லை, கம்பியூட்டர்தான். காசு கொடுக்கத் தேவையில்லை என்பதால் இங்க்ஸ்கேப் பாவிக்கிறேன், கோடும் வடிவமுமாகப் படம் கீறும் வெக்டர் மென்பொருள். 4 ஜிபி லப்டொப், சாதாரண மவுஸ்.

திருக்கடலூர் கரையில் விடியப்புறம் எடுத்த போட்டோவைக் கீழே வைத்து, பேனா டூலால் சுற்றிவரக் கோடு எடுத்தேன். மேலிருந்து கீழே நீலம், சாம்பல், வெள்ளை என்று ஒரு கிரேடியன்ட். ஒரு செதிலைக் கீறிக் கொப்பி பண்ணி அடுக்கினேன், மொத்தம் 640. கடைசியில் கறுப்பு அவுட்லைன். மாமா பார்த்துவிட்டு, "மருமகன், இது மீனா, டின்மீன் டின்னா?" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

போட்டோவைத் தானாக ட்ரேஸ் பண்ணியும் பார்த்தேன். வெயிலில் உரிந்த பெயின்ட் மாதிரி ஆயிரக்கணக்கான துண்டுகள்தான் வந்தன. வலை மாதிரி முடிச்சு முடிச்சாக நிறம் கலக்கும் மெஷ் கிரேடியன்ட் பழகினால்தான் உண்மையான மீன் வருமா?

உப்புவெளி அக்கா:

தம்பி, மெஷ்ஷை இப்போதைக்கு விடுங்கள். முதலில் அந்தக் கறுப்பு அவுட்லைனை அழியுங்கள். எந்த மீனைச் சுற்றியும் கோடு ஓடுவதில்லை. முதுகு கருமையாக நின்று பின்னணியிலிருந்து பிரியும். வயிறு வெள்ளையோடு கரைந்துவிடும், கரையட்டும்.

உடலை ஒரே வடிவமாக வைத்துக்கொண்டு, முதுகின் கருமை, வயிற்றின் நிழல், மேலே விழும் வெளிச்சம் எல்லாவற்றையும் தனித்தனி வடிவங்களாகக் கீறுங்கள். நிறம் மாற்றும் அதே பெட்டியின் அடியில், ஓரத்தை மங்கலாக்கும் ப்ளர் இருக்கிறது. முதுகு நிழலுக்கு அதைத் தாராளமாகக் கொடுங்கள். வெளிச்சத்துக்கு மட்டும் கொடுக்கவே வேண்டாம், அல்லது ஒரு பொட்டு. ஈரமான பொருளில் வெளிச்சத்தின் ஓரம் கூராக இருக்கும், உலர்ந்ததில் பரவிவிடும். உங்கள் மீன் தகரமாகத் தெரிவதற்குக் காரணம் எல்லா ஓரமும் ஒரே மாதிரி இருப்பதுதான். குத்துவிளக்கு கீறினாலும் இதே கதை.

ப்ளர் வெளியே வழியும். எல்லாவற்றையும் குரூப் பண்ணி, உடலின் ஒரு கொப்பியை ஆக மேலே வைத்து, இரண்டையும் தெரிவுசெய்து கிளிப் போடுங்கள். கத்தரித்தது போல நிற்கும்.

வயிற்றுக்குச் சாம்பல் போட்டதும் பிழை. வெள்ளி நிறம் என்று தனியாக ஒன்று இல்லை, பக்கத்தில் இருப்பதைத்தான் அது காட்டும். போட்டோவில் கலர் பிக்கரை வயிற்றில் வைத்துப் பாருங்கள், மணலின் மஞ்சள் வரும்.

மெஷ் இங்க்ஸ்கேப்பில் 2017இல் வந்த 0.92இலிருந்தே இருக்கிறது. ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு நிறம் கொடுக்கலாம். ஆசை இருந்தால் செவுள் மூடிக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். முழு மீனுக்கும் போட்டால் முடிச்சு நகர்த்தியே ஆடி அமாவாசை வந்துவிடும்.

கொட்டியாரக்குடா:

எனக்குக் கம்பியூட்டர் தெரியாது, மீன் தெரியும். அறுக்குளாவுக்கு எங்கே ராசா 640 செதில்? இருக்கிற செதில் மிகச் சின்னது, கண்ணுக்கே பிடிபடாது. தோல் வழுவழு என்றிருக்கும். விலாவில் குறுக்காக நெளிந்த வரிகள் வரும், ஒன்று போல மற்றது இராது. பக்கக்கோடு தலையிலிருந்து ஓடிவந்து, இரண்டாவது முதுகுத் துடுப்பு முடியும் இடத்தில் சடாரென்று கீழே இறங்கும். வாலுக்கு முன்னால் மேலும் கீழும் குட்டித் துடுப்புகள் வரிசையாக நிற்கும். அதை விட்டால் கடலில் போகிறவன் ஒருவனும் அறுக்குளா என்று ஒத்துக்கொள்ளமாட்டான்.

கண் கவனம். தெளிவாக, சற்றுப் புடைத்து இருக்க வேண்டும். மங்கி உள்ளே போனால் மாமா பழைய மீன் விற்கிறார் என்று போர்டே சொல்லிவிடும்.

தூரிகைத்தம்பி:

640 செதிலும் போய்விட்டது. அழிக்கும்போது வயிறு எரிந்தது.

கண்ணுக்கு மட்டும் 9 வடிவங்கள், இரண்டு இரவு. வரிகளை முதலில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தேன், ஸ்டிக்கர் ஒட்டியது போல இருந்தது. அவற்றை வெளிச்சத்துக்குக் கீழே இறக்கியதும் தோலுக்குள் போய்விட்டன!

இப்போது வேறு பிரச்சினை. ப்ளர் கூடக்கூட லப்டொப் திணறுகிறது. ஒரு பிரிண்ட் கடையில் பிடிஎஃப் கொடுத்தேன், வெளிச்சம் எல்லாம் சதுரம் சதுரமாக வந்தது. "உங்கள் ஃபைல் அப்படி" என்றார்கள்.

பதாகைக்காரன்:

இந்தத் தடவை கடைக்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பிடிஎஃப் ஆகும்போது இங்க்ஸ்கேப் ப்ளர் உள்ள இடங்களைச் சாதாரணப் படமாக மாற்றும். அதற்கான அளவு, நீங்கள் தொடாவிட்டால், 96 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 96 புள்ளி. படத்தைச் சின்னதாகக் கீறிக் கடையில் பெருப்பித்தால் சதுரம் தெரியத்தான் செய்யும். பக்கத்தை 72 அங்குலத்துக்கு 36 என்று வைத்து, 100 டிபிஐயில் பிஎன்ஜி படமாக எடுங்கள். 7200க்கு 3600 பிக்சல் வரும், ரோட்டிலிருந்து பார்க்கும் போர்டுக்கு அது தாராளம். வேலை செய்யும்போது அவுட்லைன் பார்வைக்கு மாறினால் லப்டொப்புக்கு மூச்சு வரும்.

திரையில் மின்னும் நீலம் மையில் அப்படியே வராது. முதலில் உள்ளங்கை அளவில் ஒரு துண்டு அடித்துப் பாருங்கள்.

தூரிகைத்தம்பி:

அடித்தேன். நீலம் செத்துத்தான் வந்தது, முதுகைக் கொஞ்சம் வெளிறவைத்துத் திரும்ப அடித்தேன். மாமா துண்டை ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, உள்ளே கிடந்த மீனையும் பார்த்து, இதையும் பார்த்தார். நல்லது என்று ஒரு வார்த்தை இல்லை. "வால் பக்கம் இரண்டு துண்டு வெட்டின மாதிரிக் கீறேலாதோ?" என்கிறார்.

அக்கா, வெட்டுமுகத்தில் நடுமுள்ளைச் சுற்றி அந்தச் சிவப்பு மெதுவாக வெள்ளைக்குப் போகிறதே, அதற்கு மெஷ் போடலாமா?