சுக்கான் பக்கமாற்றம்: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

மடற்குழு நண்பர்களுக்கு வணக்கம்.

காரின் ஸ்டியரிங்கை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றியமைக்கும் வேலையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தொடங்கிய இவ்விழையில், ‘திசைமாற்றி மாற்றம்’, ‘கைமாற்றம்’, ‘இடவல மாற்றம்’, ‘ஆடிமாற்றம்’ ஆகிய நான்கு சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. அவற்றை அந்த வேலை உண்மையில் நடக்கும் விதத்தோடு பொருத்திப் பார்த்தபின், ‘சுக்கான் பக்கமாற்றம்’ என்ற சொல்லை நான் முன்வைக்கிறேன்.

வேலை என்ன என்பதிலிருந்து தொடங்குவதே முறை. ஆஸ்திரேலியாவில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் செல்கின்றன, ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். அமெரிக்காவின் பெரிய பிக்கப் வண்டிகள் பல இடப்பக்க ஸ்டியரிங்கோடு மட்டுமே தயாராவதால், அவற்றைப் புதிதாகவே மெல்பர்னுக்குக் கொண்டுவந்து, அங்கே வலப்பக்கத்துக்கு மாற்றி விற்கிறார்கள். ராம், டொயோட்டா டன்ட்ரா ஆகிய பிக்கப் வண்டிகளை வாக்கின்ஷா நிறுவனமும், ஃபோர்டு எஃப்-150 வண்டியை ஆர்எம்ஏ நிறுவனமும் இவ்வாறு மாற்றுகின்றன.

வளையத்தைக் கழற்றி மறுபுறம் பூட்டுவது இதில் மிகச் சிறிய பங்கு. வளையத்திலிருந்து இறங்கும் தண்டு ஒரு சிறு பற்சக்கரத்தைச் சுழற்ற, அது பற்கள் வெட்டிய நீண்ட சட்டத்தைப் பக்கவாட்டில் தள்ளிச் சக்கரங்களைத் திருப்புகிறது. அந்தப் பற்சக்கரம் சட்டத்தின் ஒரு முனைக்கு அருகில் இருப்பதால், ஓட்டுநர் மறுபக்கம் போகும்போது மறுமுனையில் பற்சக்கரம் கொண்ட வேறொரு சட்டம் தேவைப்படுகிறது. தண்டு இறங்கும் வழியில் புகைக்குழாயோ டர்போவோ பேட்டரியோ குறுக்கே நின்றால் அதை நகர்த்தியாக வேண்டும். எஞ்சினுக்கும் உட்பகுதிக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டின் மறுபக்கத்தில், மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டரைத் தாங்கும் வலுவோடு புதிய துளைகள் அமைய வேண்டும். டாஷ்போர்டு, ஏசி பெட்டி, ஒயரிங், ஏர்பேக் எல்லாம் இதைத் தொடர்ந்து மாறுகின்றன. வைப்பரை மாற்றாமல் விட்டால், அது துடைக்காமல் விடும் மூலை ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். டன்ட்ராவும் லேண்ட் குரூசர் 300 வண்டியும் ஒரே அடித்தளத்தில் அமைந்தவை என்பதால், பின்னதன் வலப்பக்க ஸ்டியரிங் பாகங்கள் பல முன்னதற்குக் கைகொடுத்தன. அத்தகைய உடன்பிறப்பு இல்லாத வண்டிக்குப் பாகங்களைப் புதிதாகவே வடிவமைக்க வேண்டியிருக்கிறது.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். ‘திசைமாற்றி மாற்றம்’ என்று எழுதினால், பழுதான ஸ்டியரிங்கை எடுத்துவிட்டுப் புதிது போட்டதாகவே எந்த மெக்கானிக்கும் புரிந்துகொள்வார். ‘திசைமாற்றி இடமாற்றம்’ என்று அதைத் திருத்தலாம் என்றார் ஒரு நண்பர். ஆனால் ‘இட’ என்பதற்கு இடம் என்றும் இடப்பக்கம் என்றும் இரு பொருள் உண்டு. பக்கத்தைப் பற்றியே பேசும் ஒரு சொல்லில் இந்த மயக்கம் இருக்கக் கூடாது. ‘கைமாற்றம்’ என்பது ‘ரைட் ஹேண்ட் டிரைவ்’, ‘லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்’ என்ற ஆங்கிலச் சொற்களில் உள்ள கையை அப்படியே பெயர்த்ததால் வந்தது. கைமாற்று என்றால் நமக்குச் சில நாளில் திருப்பித் தரும் கடன். வண்டி கைமாறியது என்றால் விற்றுப் போயிற்று என்று பொருள். பழைய கார் விளம்பரத்தில் இச்சொல்லைப் போட்டால் படிப்பவர் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை கை மாறிய வண்டி என்பதாகத்தான் இருக்கும்.

‘இடவல மாற்றம்’ பலருக்கும் பிடித்திருக்கிறது; அதன் ஓசை எனக்கும் பிடித்திருக்கிறது. ஆயினும் பொருள் அளவில் அது மிகையானது. பிலிப்பைன்ஸில் போக்குவரத்து சாலையின் வலப்பக்கம் செல்கிறது. 1998-ஆம் ஆண்டின் குடியரசுச் சட்டம் 8506, வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட வண்டிகளைப் பதிவு செய்வதையும் சாலையில் ஓட்டுவதையும் அங்கே தடை செய்தது. ஆகவே ஜப்பானிலிருந்து வந்த பழைய வேன்களின் ஸ்டியரிங்கை இடப்பக்கத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஜப்பானில் நடைபாதை இடப்பக்கம் இருப்பதால், ஒற்றைச் சறுக்குக் கதவு கொண்ட வேனில் அந்தக் கதவும் இடப்பக்கமே இருக்கும். ஸ்டியரிங்கை மாற்றிய பிறகும் கதவு அங்கேயே இருந்துவிடுகிறது. பயணிகள் இறங்குவது ஓடும் வண்டிகள் நிறைந்த சாலையின் நடுப்பக்கம். முகப்பு விளக்குகளை மாற்றாவிட்டால், ஓரத்தை நோக்கிச் சற்றே உயரும் அவற்றின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் பாயும். வண்டி முழுவதும் இடம் வலமாகப் புரண்டது என்று சொல்லும் ஒரு பெயர், இந்த எச்சங்களை மறைத்துவிடுகிறது. வாங்குபவருக்கு அது ஆபத்தான மறைப்பு.

‘ஆடிமாற்றம்’ இதைவிடப் பிழையானது. கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல எல்லாம் திரும்புமானால் கால்மிதிகளும் திரும்ப வேண்டும். ஆனால் ஓட்டுநர் எந்தப் பக்கம் அமர்ந்தாலும் கிளட்ச் இடக்காலுக்கும், பிரேக் நடுவிலும், ஆக்சிலேட்டர் வலப்புறமும் இருக்கின்றன. கியர் போடும் கை மட்டும் மாறுகிறது. கியர்களின் வரிசைகூட மாறுவதில்லை.

சங்கப் பாடல்களில் தேரோட்டியைக் குறிக்கும் ‘வலவன்’ என்ற சொல்லை மீட்கலாம் என்று வந்த மடலை மகிழ்ச்சியோடு படித்தேன். அழகான சொல், வேறு இடங்களில் அவசியம் புழங்க வேண்டும். இங்கே மட்டும் ‘இடப்பக்க வலவன்’ என்று எழுத நேர்ந்து, படிப்பவர் தடுமாறுவார்.

சுக்கான் என்று நான் சொல்வதற்குக் காரணம், அது கப்பலைத் திருப்பும் உறுப்பின் பெயராக நம் கடற்கரைகளில் நெடுங்காலம் வழங்கி, இலங்கைத் தமிழில் மோட்டார் வண்டிக்கும் வந்து சேர்ந்த சொல் என்பதே. அரபு மூலத்தைக் காட்டிச் சிலர் மறுக்கலாம். கடலோடிகளின் வாயில் தலைமுறைகளாகப் புழங்கிய சொல்லை ஒதுக்கிவிட்டு, யாரும் சொல்லாத ஒன்றைப் படைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது குறுகிய சொல். அடையோடும் எளிதில் சேர்கிறது: வலச்சுக்கான் வண்டி, இடச்சுக்கான் வண்டி. ஓட்டுநரை நடுவில் அமர்த்திய மெக்லாரன் எஃப்1 போன்றவற்றை நடுச்சுக்கான் வண்டி என்றே சொல்லிவிடலாம்.

மாறுவது சுக்கான் மட்டுமில்லையே என்ற கேள்விக்கு, உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகிவரும் சினையாகுபெயர் நம் இலக்கணத்துக்குப் புதிதில்லை என்பதே விடை. பிலிப்பைன்ஸ் சட்டமும் ஸ்டியரிங் வளையம் இருக்கும் பக்கத்தைக் கொண்டே வண்டியை அடையாளம் காண்கிறது. இந்தியாவின் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-ஆம் பிரிவைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: ‘விதிக்கப்பட்ட வகையிலான, இயங்கும் நிலையிலுள்ள சைகைக் கருவி இல்லாத இடச்சுக்கான் வாகனத்தைப் பொது இடத்தில் எவரும் ஓட்டலாகாது.’ ஓட்டுநரின் கையைப் பற்றியதா, சாலையின் பக்கத்தைப் பற்றியதா என்ற ஐயம் இந்த வாக்கியத்தில் எழுவதில்லை.

சாலையின் பக்கத்துக்குத் தனிச் சொல் வேண்டும் என்பதையும் இங்கேயே குறித்துவிடுகிறேன். 2009 செப்டம்பர் 7 அன்று சமோவா நாடு போக்குவரத்தை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றியது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் ஆகிய நாடுகளின் மலிவான பழைய வண்டிகள் வரட்டும் என்பதே முதன்மை நோக்கம். அன்று மாறியது சாலை. வண்டிகளின் சுக்கான்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அதற்கு ‘போக்குவரத்துப் பக்கமாற்றம்’ என்றும், வண்டிக்குச் செய்வதற்குச் ‘சுக்கான் பக்கமாற்றம்’ என்றும் வைத்துக்கொண்டால் இரண்டும் கலக்கா.

மீதமிருப்பது ஒரு துணைச்சொல். பழைய பற்சட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, சங்கிலியாலோ பற்சக்கரப் பெட்டியாலோ சுழற்சியை மறுபக்கத்திலிருந்து கடத்தி, பிரேக்குக்கும் ஒரு குறுக்குத் தண்டைப் போட்டு முடிக்கும் மலிவான முறையும் உண்டு. சங்கிலி தளர்ந்தாலோ தண்டு வளைந்தாலோ சுக்கானும் பிரேக்கும் ஓட்டுநருக்கு உடனே பணியா. இதையும் மேலே சொன்ன முழு வேலையையும் ஒரே பெயரால் அழைப்பது சரியன்று. முன்னதைக் ‘கடத்துவழிப் பக்கமாற்றம்’ என்றும், பின்னதை ‘முழுப் பக்கமாற்றம்’ என்றும் பிரிக்கலாம் என நினைக்கிறேன். ‘கடத்துவழி’ என்பதைவிடத் தெளிவான அடை யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.