"புரியுதுங்கக்கா" என்கிறார்கள், ஆனால் புரியவில்லை: ஜூனியர்களுக்கு ஆன்லைனில் பாடம் எடுப்பவர்கள் வழி சொல்லுங்கள்

கேட்டவர்: வாய்க்கால்மேடு

வணக்கம்ங்க. சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு. முதலாண்டுப் பிள்ளைகள் 11 பேருக்கு இரவு ஒன்பதரை மணிக்கு கூகுள் மீட்டில் அனாடமி, பிசியாலஜி சொல்லித் தருகிறேன். திருப்பூர், நாமக்கல், பெருந்துறை, கோவை என்று ஆளுக்கொரு கல்லூரி, அதனால்தான் ஆன்லைன். முக்கால்வாசிப் பேர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்கள். நானும் அப்படித்தான். முதல் மாதம் வகுப்பில் காதில் விழுந்த 'ப்ராக்ஸிமல்', 'டிஸ்டல்' எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே நோட்டில் கிறுக்கிக்கொண்டு வந்து, ராத்திரி விடுதியில் உட்கார்ந்து தேடியவள்.

இரண்டு எவர்சில்வர் டப்பாவுக்கு நடுவே ஸ்கேலை வைத்து, அதன்மேல் போனைக் குப்புறப் போட்டு, கீழே வெள்ளைத்தாளில் படம் வரைந்து காட்டுவேன். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போகிறது.

பிராக்கியல் பிளெக்ஸஸ் (கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புப் பின்னல்) எடுத்த அன்று நம் கீழ்பவானி வாய்க்காலை வைத்து விளக்கினேன். தாய் வாய்க்கால், கிளை வாய்க்கால், மதகு, கடைமடை. "புரியுதா?" என்றால் "புரியுதுங்கக்கா". அன்று பேச்சு வேகத்தில் எர்ப்ஸ் பால்சிக்கு (அந்த நரம்பு அடிபட்டுக் கை செயலிழப்பதில் ஒரு வகை) சி8, டி1 நரம்பு வேர்கள் என்று சொல்லித் தொலைத்திருக்கிறேன். அது குளும்ப்கே பால்சி; எர்ப்ஸுக்கு சி5, சி6. ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்று வாரம் கழித்து இன்டர்னலில் நான்கு பேர் நான் சொன்னதையே எழுதி மார்க் போனபிறகுதான் எனக்கே தெரிந்தது. அதில் ஒரு பையன் புத்தகத்தில் சரியாகப் படித்திருக்கிறான்! "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு மாத்தி எழுதிட்டேங்க" என்கிறான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

காசு வாங்குவதில்லை. ஆனாலும் கவுந்தப்பாடிக்காரப் பையனின் அப்பா ஐந்து கிலோ நாட்டுச்சர்க்கரையை பஸ்ஸில் போட்டு அனுப்பிவிட்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் குற்ற உணர்ச்சி. நிறுத்திவிடலாமா? இல்லை, வேறு மாதிரி எடுக்க வழி இருக்கிறதா?

பதில்: சேலத்து ஹவுஸ் சர்ஜன்

நிறுத்தாதே தங்கச்சி. "புரியுதா?" என்ற கேள்வியை மட்டும் நிறுத்து. நம்ம பக்கத்தில் மூத்தவர் கேட்டால் புரியுதுங்க என்பதுதான் மரியாதை. அது பதிலே இல்லை.

அதற்குப் பதிலாக எழுந்து நிற்கச் சொல். "சி5, சி6 போச்சு. இப்போ உன் கை எப்படித் தொங்கும்?" கை உடம்போடு ஒட்டி, உள்பக்கம் திரும்பி, முழங்கை நீண்டு, உள்ளங்கை பின்னால் பார்க்கும். மறைவாகக் காசு வாங்குகிறவன் கை மாதிரி. இதைத் தன் உடம்பில் செய்து பார்த்த பிள்ளை சாகிறவரைக்கும் சி8 என்று எழுதாது. கேட்டுவிட்டு நீ பத்து வினாடி பேசாமல் இரு. ரொம்ப நீளமாகத் தெரியும், பரவாயில்லை.

அப்புறம், 11 பேர் அதிகம். நாலு, நாலு, மூன்றாகப் பிரி.

பதில்: தறிக்காரர் வீட்டுப் பிள்ளை

நான் இப்படி ஒரு அண்ணாவிடம் படித்தவன். வருடம் முழுக்க மைக்கைத் திறந்ததே இல்லை. பாடம் புரியாமல் இல்லைங்க. வீட்டுக்குள்ளேயே நாலு தறி, ராத்திரி ஷிப்ட்டும் ஓடும். மைக்கைத் திறந்தால் எல்லார் காதிலும் டக்கடக்கவென்று அடிக்குமே என்று கூச்சம். அந்த அண்ணா என்னைத் தூங்குமூஞ்சி என்று நினைத்திருந்தாராம். எழுதிப் போடலாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்.

பதில்: பிசியாலஜி வாத்தியார், கோவை

சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மிணி. வாய்க்கால் உவமையே பாதி தப்பு. வாய்க்கால் பிரிந்துகொண்டே போகும். பிளெக்ஸஸில் ஐந்து வேர்கள் சேர்ந்து மூன்று டிரங்க் ஆகி, ஆறாகப் பிரிந்து, மறுபடி சேர்ந்து மூன்று கார்டு ஆகிறது. சேருகிற இடத்தில்தான் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பிள்ளைகள் மாட்டுவார்கள். உவமை எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இன்னொன்று. வகுப்புத் தொடக்கத்திலேயே "இன்றைக்கு ஒரு தப்பு வேண்டுமென்றே சொல்வேன், கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். முடிப்பதற்குள் அதை உடைத்துவிட வேண்டும், மறந்தால் வம்பு. தெரியாமல் நீங்கள் சொல்கிற தப்பும் அதில் சேர்ந்து பிடிபடும். விளக்கம் தமிழில் இருக்கட்டும், கடைசி ஐந்து நிமிடம் பதிலை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். வைவாவில் அதுதான் கேட்பார்கள்.

வாய்க்கால்மேடு மீண்டும்:

எல்லாருக்கும் நன்றிங்க. நேற்று முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன். நான்கு பேர் குழு. வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்திருந்தேன், இரண்டைக் கண்டுபிடித்தார்கள். இன்னொன்று என்னுடைய சொந்தத் தப்பு!

பல்லடத்துப் பிள்ளை ஒருத்தி, இதுவரை குரலே கேட்டதில்லை. எழுதிப் போடலாம் என்று சொல்லியிருந்தேன். அவளோ மைக்கையே திறந்துவிட்டாள். பின்னால் தறிச் சத்தம். "அக்கா, சி5ம் சி6ம் சேருது, சி8ம் டி1ம் சேருது. சி7 மட்டும் ஏனுங்க்கா தனியாவே போகுது?"

எனக்குத் தெரியவில்லை. பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் கண்ணு என்றேன். வாத்தியார் ஐயா, கொஞ்சம் சொல்லுங்களேன்.