ஈம் கிராமத்தின் எல்லைக்கல்

இங்கிலாந்தில் பார்த்தவற்றில் மனதில் நின்றது எது என்ற கேள்விக்கு, அரண்மனை, கோட்டை, காவலர் மாறும் சடங்கு என்று பலரும் இங்கே எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்ல வந்தது ஒரு கல்லைப் பற்றி.

டெர்பிஷயருக்கு நான் போனது சாட்ஸ்வொர்த் மாளிகையைப் பார்க்கத்தான். தங்கியிருந்த வீட்டு அம்மாள், "மாளிகையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஈமுக்குப் போய் வாருங்கள்" என்றார். பெயர்ப்பலகையைப் படித்தால் 'ஏயம்' என்றுதான் வாயில் வரும். ஊரார் சொல்வது 'ஈம்'. என் தமிழ்க் காதில் அது 'ஈமம்' என்றே விழுந்தது.

1665 செப்டம்பரில் லண்டனிலிருந்து ஒரு தையற்காரர் வீட்டுக்குத் துணிமூட்டை வந்தது. அதில் தெள்ளுப்பூச்சிகள் இருந்தன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்த வீட்டில் வேலை செய்த ஜார்ஜ் விக்கர்ஸ் சில நாட்களில் பிளேக்கால் இறந்தார். தேவாலயத்தை ஒட்டி அந்த வீடு இன்றும் நிற்கிறது. அடுத்தடுத்த வீடுகளின் முன்னாலும் பலகைகள், அவற்றில் மாண்டவர்களின் பெயர்கள். ஒரு பலகையைப் படித்து முடித்து அடுத்ததற்குப் போகவே எனக்குக் கால் எழவில்லை.

1666 ஜூனில் ஊர் ஒரு முடிவெடுத்தது: நோய் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் பரவாதிருக்க, யாரும் எல்லையைத் தாண்டுவதில்லை. அதை முன்வைத்தவர் வில்லியம் மொம்பெசன் என்ற இளம் போதகர். ஊருக்குப் புதியவர், மக்கள் அவரை முழுதாக நம்பவில்லை. ஊரார் மதித்தது முன்பிருந்த தாமஸ் ஸ்டான்லியை. அரசு வகுத்த வழிபாட்டு முறையை ஏற்க மறுத்ததால் பதவி இழந்தவர் அவர். எதிரெதிர் அணியில் நின்ற இந்த இருவரும் சேர்ந்து போய்ப் பேசியதால்தான் ஊர் இசைந்தது. சிலைகள் வைத்துக் கொண்டாடப்படும் எத்தனையோ தளபதிகளைவிட இவர்களே எனக்குப் பெரியவர்களாகத் தெரிகிறார்கள்.

தேவாலயத்தைப் பூட்டிவிட்டு, கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில் விலகி நின்று வழிபட்டார்கள். இறந்தவர்களை அவரவர் குடும்பமே புதைத்தது. எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாட்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார். ஊருக்கு வெளியே, வயல் நடுவே, வட்டச் சுவருக்குள் அந்தக் கல்லறைகள் இருக்கின்றன. அங்கே நான் படம் எடுக்கவில்லை. மொம்பெசனின் மனைவி கேத்தரின் ஆகஸ்டில் இறந்தார். பிள்ளைகளை முன்பே வெளியூருக்கு அனுப்பிவிட்டு, தாம் மட்டும் கணவரோடு தங்கியவர். நோய் ஓய்ந்தபோது மாண்டவர்கள் ஏறத்தாழ 260 பேர்.

எல்லைக்கல் இருப்பது ஸ்டோனி மிடில்டன் போகும் பாதையில். மேலே சிறு குழிகள். காசு வழியாக நோய் பரவாதிருக்க, அவற்றில் வினிகர் ஊற்றி, அதற்குள் காசுகளைப் போட்டு வைப்பார்களாம். அடுத்த ஊரார் வந்து உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். சாட்ஸ்வொர்த்தின் பிரபுவும் பண்டங்கள் அனுப்பினார்.

எனக்கு முன்னே ஒரு முதியவர் நாயோடு நின்றிருந்தார். "விரலை விட்டுப் பாருங்கள்" என்றார். விட்டேன். குழியின் ஓரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. உள்ளே மழைநீர். அடியில் யாரோ போட்ட ஒரு பென்னிக் காசு விரலில் தட்டுப்பட்டது. எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.